கோரோவின் கையெழுத்தும் ஓவியத்தின் முதுகும்: 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு நிலக்காட்சி ஓவியங்களைச் சேகரிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிஸ் புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில் பதினொரு சிறிய ஓவியங்கள் தொங்குகின்றன. எல்லாம் 1830க்கும் 1890க்கும் இடையில் பிரான்சில் வரையப்பட்டவை. இரண்டைப் பற்றி மட்டும் அப்படி நம்பி வாங்கினேன் என்று சொல்வதே சரி. வீட்டுக்கு வருகிறவர்கள் காப்பி ஆறும்வரை சுவரைப் பார்த்துவிட்டு ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் கேள்வி கேட்கிறார்கள். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்கள் இவை.

பிரெஞ்சு நிலக்காட்சி என்றால் மோனே, பிசாரோ படங்கள்தானே?

இல்லை. அவர்களுக்கு முந்தைய தலைமுறையைத்தான் நான் சேகரிக்கிறேன். மோனே வாங்குகிறவர்களுக்கு என் ஆலோசனை தேவைப்படாது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலக்காட்சிக்குத் தனி மரியாதை கிடையாது. மரமும் மலையும் வரையலாம், ஆனால் நடுவில் ஒரு கிரேக்க தேவதையோ ரோமானிய வீரனோ நிற்க வேண்டும். இளம் ஓவியர்களை ரோமுக்கு அனுப்பிப் படிக்கவைக்கும் ரோம் பரிசை 1817இல் முதன்முறையாக நிலக்காட்சிக்குக் கொடுத்தார்கள், அதுவும் 'வரலாற்று நிலக்காட்சி' என்ற பெயரில்தான். பாரிசின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோனுக்கு 1824இல் ஆங்கிலேயரான கான்ஸ்டபிளின் வைக்கோல் வண்டிப் படம் வந்தது. வண்டி, ஓடை, வானம், அவ்வளவுதான். தேவதை இல்லாமலும் ஒரு படம் நிற்கும் என்று இளைஞர்கள் கண்டுகொண்டார்கள்.

அவர்களில் பலர் பாரிசிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தள்ளி, ஃபோந்தேன்புளோ காட்டின் ஓரத்தில் இருக்கும் பார்பிசோன் என்ற சிற்றூருக்குப் போனார்கள். தியோடர் ரூசோ, தியாஸ், த்ருவாயோன், மில்லே ஆகியோரை அந்த ஊரின் பெயராலேயே பார்பிசோன் குழு என்கிறோம். இந்த ரூசோ தத்துவவாதி அல்லர். 1812இல் பிறந்து 1867இல் பார்பிசோனிலேயே இறந்த ஓவியர். ஜூல் துப்ரேயும் தோபின்யியும் வாஸ் ஆற்றுப் பக்கம் வாழ்ந்தாலும் இதே கூட்டம்தான். கோரோ எல்லோருக்கும் மூத்தவர், எந்தக் குழுவிலும் முழுதாக அடங்காதவர்.

இரண்டு கண்டுபிடிப்புகள் இவர்களுக்குக் கை கொடுத்தன. 1841இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்கர் வண்ணத்தைத் தகரக் குழாயில் அடைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்த வண்ணம் காட்டு வழியில் பீறிட்டுச் சட்டையைக் கெடுக்கும். 1849இல் ஃபோந்தேன்புளோவுக்கு ரயில் வந்தது. பெட்டியும் குடையுமாக ஓவியர்கள் வந்து குவிந்தார்கள்.

மாதச் சம்பளக்காரர் இதில் இறங்க முடியுமா?

முடியும். முடிவதற்குக் காரணம் ரசனையின் சரிவு.

மில்லேயின் 'மாலை மணி' ஓவியத்தை நாட்காட்டியிலாவது பார்த்திருப்பீர்கள். உருளைக்கிழங்கு வயலில் தலை குனிந்து நிற்கும் கணவனும் மனைவியும். 1860இல் அது 1,000 பிராங்குக்குக் கைமாறியது. மில்லே 1875இல் இறந்தார். 1889இல் பாரிஸ் ஏலத்தில் அதே படம் 553,000 பிராங்குக்குப் போனது. லூவர் அருங்காட்சியகத்துக்காக ஏலம் எடுத்தும் அரசு பணம் தராததால் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. மறு ஆண்டே பாரிஸ் கடை முதலாளி அல்ஃபிரெத் ஷோஷார் இன்னும் கூடுதல் விலை கொடுத்து மீட்டார். ஓவியர் குடும்பத்துக்கு இதில் ஒரு காசும் வரவில்லை. மறுவிற்பனையில் கலைஞரின் வாரிசுகளுக்குப் பங்கு தரும் சட்டம் 1920இல் பிரான்சில் வந்தபோது இந்தப் படத்தின் கதைதான் எல்லோர் வாயிலும் பேசப்பட்டது. அந்தப் பங்கு கலைஞர் இறந்து 70 ஆண்டுகள் வரைதான். ஆகவே நாம் பேசும் படங்களுக்கு அது பொருந்தாது.

அந்தக் காலத்தில் பாஸ்டன், பால்டிமோர், ஹேக், கிளாஸ்கோ நகரப் பணக்காரர்கள் பார்பிசோன் படங்களைப் போட்டி போட்டு வாங்கினார்கள். பிறகு மோனே, பிசாரோ போன்ற இம்ப்ரஷனிஸ்டுகளின் பளிச்சென்ற வண்ணம் வந்ததும் இந்தப் பழுப்பும் கரும்பச்சையும் பழைய வீட்டுச் சாமானாகிவிட்டன. மீண்டும் மேலே வந்தவை முதல் வரிசைப் படங்கள் மட்டும். இரண்டாம் வரிசை அப்படியே கிடக்கிறது.

நமக்கு வேண்டியது அந்த வரிசைதான். தியாஸின் மாணவர் லெயோன் ரிஷே, தோபின்யியின் மகன் கார்ல், கோரோவின் மாணவர் ழாப்பி போன்றோரின் சின்னப் படங்கள் சில நூறு யூரோவிலிருந்து சில ஆயிரம் யூரோவுக்குள் கிடைக்கின்றன. பெயரே தெரியாத, ஆனால் கை சுத்தமான படங்கள் அதற்கும் கீழே. என் சுவரில் எனக்கு மிகவும் பிடித்தது கையெழுத்தே இல்லாத ஒரு படம்தான். ஈரமான வண்டித் தடம், வலப்புறம் மூன்று பிர்ச் மரங்கள், மீதியெல்லாம் வானம்.

குறைந்த விலைக்கு ஒரு கோரோ வருகிறது. வாங்கலாமா?

முதலில் உட்கார்ந்து ஒரு குவளை தண்ணீர் குடியுங்கள்.

கோரோ மூவாயிரம் படம் வரைந்தார், அதில் பத்தாயிரம் அமெரிக்காவில் இருக்கிறது என்று ஒரு பழைய கேலி உண்டு. எண்கள் சொல்பவருக்கு ஏற்ப மாறும், கேலி மாறாது. 1923இல் ழூஸோம் என்ற மருத்துவர் இறந்தபோது அவர் வீட்டில் 2,414 கோரோக்கள் கிடைத்தன. ஒன்றுகூட உண்மையில்லை. ஒரு மனிதர் வாழ்நாள் முழுவதும் போலிகளை மட்டுமே ஆசை ஆசையாகச் சேர்த்து வைத்திருந்தார். அவர்மேல் எனக்குச் சிரிப்பு வருவதில்லை, வயிற்றைப் பிசைகிறது.

போலிகள் பெருகியதில் கோரோவின் நல்ல மனசுக்கும் பங்குண்டு. மாணவர்கள் தம் படங்களைப் பார்த்து வரையத் தாராளமாகக் கடன் கொடுப்பார். வறுமையில் இருந்த நண்பரின் படத்தில் நாலு தீற்றுத் தீற்றித் தம் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்ததாகவும் சொல்வார்கள். மில்லே இறந்தபோது அவர் மனைவிக்கு 10,000 பிராங்க் கொடுத்தவர் அவர். அப்படிப்பட்டவரின் கையெழுத்து எங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று யோசியுங்கள்.

கள்ளத்தனமும் ஏராளம். 1883இல் நாவலாசிரியரின் மகனான இளைய அலெக்சாந்தர் தூமா தம்மிடம் இருந்த கோரோ உண்மையில் த்ருய்பேர் என்ற ஓவியருடையது என்று அறிந்து திகைத்தார். த்ருய்பேரின் கையெழுத்தைச் சுரண்டிவிட்டு யாரோ கோரோ பெயரைப் போட்டிருந்தார்கள். பாவம் த்ருய்பேர், தன் படம்தான் அது என்று தானே முன்வந்து சொல்ல வேண்டியிருந்தது. அன்றிலிருந்து அவர் பெயரே 'கோரோ போல வரைபவர்' என்றாகிவிட்டது. உண்மையில் அவர் தனக்கென்று ஒரு கை உள்ளவர், லுவார் நதிக்கரையை அழகாக வரைந்தவர். அவர் பெயரோடே வருகிற அவர் படம் கிடைத்தால் தயங்காமல் பாருங்கள்.

உண்மையான கோரோவுக்கு அடையாளம் என்ன? 1905இல் அல்ஃபிரெத் ரோபோ தொகுத்த முழுப் பட்டியல் ஏறத்தாழ 2,500 படைப்புகளைப் பதிவு செய்திருக்கிறது. ஏலக்காரர்கள் 'ரோபோ எண்' என்று குறிப்பிடுவது அதைத்தான். பின்னால் துணைப் பட்டியல்களும் வந்தன. 1875இல் அவர் இறந்தபின் பட்டறையில் இருந்தவற்றை விற்றபோது 'வாந்த் கோரோ', அதாவது 'கோரோ விற்பனை' என்று சிவப்பு முத்திரை குத்தினார்கள். அதையும் போலி செய்திருக்கிறார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. பட்டியல் எண்ணும், கைமாறி வந்த வரலாறும், இன்றைய அங்கீகரிக்கப்பட்ட நிபுணரின் கடிதமும் இல்லாத கோரோவுக்கு, கோரோ இல்லை என்று வைத்துக்கொண்டு என்ன கொடுப்பீர்களோ அதை மட்டும் கொடுங்கள்.

ஏலப் பட்டியலில் பெயருக்கு முன்னால் வரும் சின்னச் சொற்களுக்கு என்ன பொருள்?

பணம் போவதும் நிற்பதும் அங்கேதான். பிரான்சில் 3 மார்ச் 1981 தேதியிட்ட அரசாணை இந்தச் சொற்களுக்குச் சட்டப் பொருள் கொடுத்திருக்கிறது.

ஓவியர் பெயர் மட்டும் இருந்தால் அவரே வரைந்தார் என்று விற்பவர் உறுதி தருகிறார். 'அத்ரிப்யூவே' என்று சேர்ந்தால் அவர் காலத்தில் வரையப்பட்டது, அவருடையதாக இருக்கலாம் என்று நம்ப வலுவான காரணம் உண்டு என்று மட்டுமே பொருள். 'அத்தெலியே' என்றால் அவர் பட்டறையில், அவர் கண்காணிப்பில். 'எக்கோல்' என்று ஓவியர் பெயரோடு வந்தால் அவருடைய மாணவர் யாரோ வரைந்தது, அவர் வாழ்நாளிலோ இறந்து ஐம்பது ஆண்டுக்குள்ளோ. 'தாப்ரே' (அவரைப் பார்த்து), 'தான் ல கூ' (அவர் பாணியில்) என்று வந்தால் எந்த உறுதியும் இல்லை. நேற்று வரைந்ததாகவும் இருக்கலாம்.

இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டுதான் நான் முதல் ஏலத்துக்குப் போனேன். மாகாண நகரம் ஒன்றில், பெயர் வேண்டாம், ஒரு சின்ன மரப்பலகைப் படம். காட்டின் நடுவே வெட்டவெளி, ஒரு குட்டையில் வெள்ளையாக வானம். பட்டியலில் 'போர்த் யூன் சின்யாத்யூர்: என். தியாஸ்' என்று இருந்தது. சின்யாத்யூர் என்றால் கையெழுத்து என்று தெரியும். 'போர்த்' என்ற சொல்லை நான் கவனிக்கவே இல்லை. 900 யூரோ.

'சின்யே' என்று போட்டால் ஓவியர் கையெழுத்திட்டார் என்று பொருள். 'போர்த்' என்று போட்டால் 'படத்தின்மேல் ஒரு கையெழுத்து இருக்கிறது' என்று பொருள். யார் போட்டது என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து பத்து மடங்கு உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். சிவப்பு எழுத்துகள் வண்ணத்தின் வெடிப்புகளுக்குள் வழிந்து இறங்கியிருந்தன. வண்ணம் காய்ந்து வெடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஓவியரே போட்ட கையெழுத்து என்றால் வெடிப்பு எழுத்தையும் சேர்த்தே பிளந்திருக்கும், எழுத்து வெடிப்புக்குள் ஓடாது. ஒரு நிமிட வேலை. ஏலத்துக்கு முன்பே செய்திருக்கலாம்.

அந்தப் படம் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. குட்டையில் விழுந்த வானம் நன்றாகவே வந்திருக்கிறது. சொன்னேனே இரண்டு படங்கள் என்று, அதில் ஒன்று இது. இன்னொன்றின் கதையை மனைவி இல்லாதபோது சொல்கிறேன்.

படத்தைக் கையில் எடுத்ததும் எதைப் பார்க்க வேண்டும்?

முதுகை. முன்பக்கம் பேச்சுக் கொடுத்து மயக்கும், பின்பக்கத்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

முதலில் அளவு. பிரெஞ்சுக் கடைகளில் கேன்வாஸ் எண் போட்டு விற்பனையானது, மூன்று வடிவங்களில்: ஆள், நிலக்காட்சி, கடல். எண் 10 என்றால் மூன்றிலும் நீளம் 55 சென்டிமீட்டர். அகலம்தான் மாறும்: ஆள் வடிவம் 46, நிலக்காட்சி 38, கடல் 33. டேப் வைத்து அளந்தால் 55க்கு 38 வருகிறதா, நல்லது. 52க்கு 36 வந்தால் யாராவது ஓரத்தை வெட்டியிருக்கலாம். வெட்டிய இடத்தில் வேறொருவர் கையெழுத்து இருந்திருக்கவும் கூடும். கடல் வடிவ கேன்வாஸில் வயல் வரைந்தவர்களும் உண்டு என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

அடுத்து கடை முத்திரை. கேன்வாஸ் விற்ற வண்ணக்கடைக்காரர் தம் பெயரையும் தெருவையும் பின்னால் கறுப்பு மையில் குத்தியிருப்பார். இந்தக் கடைகள் அடிக்கடி இடம் மாறின. எந்தத் தெருவில் எந்த ஆண்டுகளில் இருந்தன என்பதை ஆராய்ச்சியாளர்கள் தொகுத்து வைத்திருக்கிறார்கள். 1867இல் இறந்த ரூசோவின் படத்துக்குப் பின்னால் 1880களின் முகவரி இருந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

கேன்வாஸை மரச்சட்டத்தில் இறுக்கியிருப்பது துருப்பிடித்த சிறு இரும்பு ஆணிகளா, பளபளக்கும் ஸ்டேப்பிள் கம்பிகளா? கம்பி என்றால் 20ஆம் நூற்றாண்டில் ஒருமுறையாவது கழற்றி மாட்டியிருக்கிறார்கள். அது குற்றமில்லை, ஏன் என்று கேட்கக் காரணம் கிடைக்கிறது. பழைய ஏலச் சீட்டு, சுங்க முத்திரை, பென்சிலில் கிறுக்கிய எண், எதையும் சுரண்டாதீர்கள். அழுக்கு என்று நினைத்துப் பின்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்த ஒருவரை எனக்குத் தெரியும். படத்தின் பிறப்புச் சான்றிதழைத் துடைத்துவிட்டார்.

பழைய கேன்வாஸ் இருப்பதாலேயே படம் பழையதாகிவிடாது. நூறாண்டுப் பழைய பெயரில்லாப் படங்களை வாங்கி அதன்மேல் வரைகிறவர்கள் உண்டு.

முன்பக்கத்தில்?

கைவிளக்கைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். வண்ணத்தின் மேடு பள்ளம் எழுந்து நிற்கும். தோபின்யியின் தூரிகையில் வேகம் தெரியும், நகல் எடுப்பவரின் தூரிகை தயங்கித் தயங்கிப் போயிருக்கும். எல்லாம் சப்பையாக, இஸ்திரி போட்டதுபோல் இருந்தால், படத்துக்குப் பின்னால் இன்னொரு துணியைப் பசையோடு வைத்துச் சூடாக அழுத்தி ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அந்தக் காலத்தில் வழக்கமான சிகிச்சைதான், ஆனால் வண்ணத்தின் உயிர் போய்விடும்.

புற ஊதா விளக்கு இன்று மலிவு. பழைய வார்னிஷ் பச்சையாக ஒளிரும், பின்னால் பூசிய திருத்தங்கள் அதன்மேல் கரும் திட்டாகத் தெரியும். வானத்தின் மூலையில் நாலு திட்டு இருந்தால் கவலையில்லை. கையெழுத்தே கரும் திட்டாக மிதந்தால் படத்தை மாட்டிவிட்டு வெளியே வாருங்கள்.

சந்தேகம் பெரிதாக, பணமும் பெரிதாக இருந்தால் ஆய்வகம். டைட்டானியம் வெள்ளை 20ஆம் நூற்றாண்டில், முதல் உலகப்போரை ஒட்டித்தான் கடைக்கு வந்தது. மேகத்தில் அது அசல் அடுக்காகவே கிடந்தால் 1860 என்ற தேதி தள்ளுபடி.

பார்பிசோன் படங்களுக்கென்றே ஒரு நோய் உண்டு, பிற்றுமென். சாலைக்குப் போடும் தாரின் உறவு. ஆழமான, ஒளி ஊடுருவும் பழுப்பு கிடைக்கிறதே என்று ஆசைப்பட்டுப் பூசினார்கள். அது முழுதாகக் காயவே காயாது. மேல் அடுக்கு காய்ந்து சுருங்க, அடியில் இருப்பது நகர, கோடையில் வற்றிய ஏரித்தரைபோல் படம் பாளம் பாளமாக வெடிக்கும், கறுக்கும். 1836 சலோன் நடுவர்கள் நிராகரித்த ரூசோவின் பெரிய படம், ஜூரா மலையிலிருந்து மாடுகள் இறங்கும் காட்சி, ஹேக் நகரில் மெஸ்தாக் சேகரிப்பில் இருக்கிறது. மாடுகளை இருட்டில் தேட வேண்டும். இந்த வெடிப்புக்கு மருந்து கிடையாது, ஆகவே விலையில் தாராளமாகக் கழியுங்கள். கழித்த பிறகும் பிடித்திருந்தால் வாங்குங்கள். நான் ஒன்று வைத்திருக்கிறேன்.

காகிதத்தில் வரைந்து கேன்வாஸில் ஒட்டியது என்று போட்டிருக்கிறது. குறையா?

இல்லை, புதையலாகக்கூட இருக்கலாம்.

திறந்தவெளியில் வரையப் போனவர்கள் எண்ணெய் வண்ணத்தைக் காகிதத்தில் தீட்டினார்கள். எடை குறைவு, பெட்டி மூடியில் குத்தி வைக்கலாம். ஒரு மணி நேரத்தில், வெளிச்சம் மாறுவதற்குள் முடித்த பயிற்சிப் படங்கள் அவை. 'எத்யூத்' என்பார்கள். விற்பதற்காக வரைந்தவை அல்ல. பட்டறைச் சுவரில் குத்தி, பின்னால் பெரிய படத்துக்குப் பயன்படுத்துவார்கள்.

கோரோ 1826இல் இத்தாலியின் நார்னியில் இடிந்த பாலத்தைப் பார்த்து வரைந்த பயிற்சிப் படம் லூவரில் இருக்கிறது. அதை வைத்து 1827 சலோனுக்காகச் செய்த பெரிய படம் கனடா தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரியதில் மரங்களை ஒழுங்குபடுத்தி, ஆடு மேய்ப்பவர்களைச் சேர்த்து, பாதையைச் சீர்செய்திருக்கிறார். சின்னதில் ஆற்று மணல் வெயிலில் அப்படியே கொதிக்கிறது. இன்று எல்லோரும் விரும்புவது சின்னதைத்தான். கோரோவின் காலத்தில் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

இந்தப் பயிற்சிப் படங்களில் பெரும்பாலும் கையெழுத்து இருக்காது. அதனாலேயே விலை ஏறாமல் இருக்கின்றன. என் கருத்தில் கொஞ்சப் பணமும் நல்ல கண்ணும் உள்ளவருக்கு இதைவிட நல்ல வயல் இல்லை. கடந்த சில பத்தாண்டுகளாக இதை மற்றவர்களும் கண்டுகொண்டார்கள் என்பது மட்டும் வருத்தம்.

கூர்பே வரைந்த படம் வாங்கலாமா?

வேண்டாம். கோரோவுக்கு அடுத்தபடி ஆபத்து. 1871இல் பாரிசில் நடந்த கிளர்ச்சியான பாரிஸ் கம்யூனின்போது நெப்போலியனின் வெற்றிச் சின்னமான வாந்தோம் தூணைச் சாய்த்ததற்காக அரசு அவர்மேல் 323,091 பிராங்க் சுமத்தியது. 1873இல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிப் போனார். கடன் கட்டவும் வயிற்றைக் கழுவவும் படம் வேண்டும். உதவியாளர்கள் தொடங்குவார்கள், அவர் முடிப்பார், சில வேளை கையெழுத்து மட்டும் போடுவார். செருபினோ பாத்தா என்ற உதவியாளரின் கை பல 'கூர்பே'களில் தெரிகிறது. முதல் தவணை கட்ட வேண்டிய நாளுக்கு முந்தைய நாள், 31 டிசம்பர் 1877 அன்று, கூர்பே இறந்துபோனார். வண்ணம் குழைக்கும் கத்தியால் அப்பிய பாறையும் அருவியும் கண்டவுடன் கூர்பே என்று மயங்காதீர்கள்.

பார்பிசோனை விட்டால் வேறு ஊர்களே இல்லையா?

இருக்கின்றன. என் மனம் இப்போது அங்கேதான் அலைகிறது.

லியோன் பக்கம் மொரெஸ்தெல் ஊரில் வாழ்ந்த ரவியே அந்தி வானத்தை நீர்வண்ணத்தில் எரியவிட்டவர், பாரிசைப் பற்றி அலட்டிக்கொள்ளாதவர். புரோவான்சில் போல் கிகூ: துரான்ஸ் ஆற்றுப் படுகை, கூழாங்கல், நிழலே இல்லாத நண்பகல். 1871இல் 37 வயதில் இறந்தார், படங்கள் குறைவு, நல்லவை விலை உயர்ந்துவிட்டன. மார்சேயில் லூபோன் என்ற அவருடைய முன்னோடி, புழுதி பறக்கும் ஆட்டு மந்தைகளை வரைந்தவர்.

நார்மண்டியில் பூதேன். ஓன்ஃப்ளரில் மாலுமி ஒருவரின் மகன். மேகங்களைப் பாஸ்டல் சுண்ணத்தில் வரைந்து தேதி, மணி, காற்று எந்தத் திசை என்று ஓரத்தில் குறித்து வைப்பார். 1859இல் அவற்றைக் கண்ட கவிஞர் போதலேர் வியந்து எழுதினார். பூதேன் இறந்தபின் 1900இல் அவர் தம்பி பட்டறையில் மிஞ்சிய 240 படைப்புகளை ல ஆவ்ர் நகருக்குக் கொடுத்தார். அங்குள்ள அருங்காட்சியகத்தில் சுவர் முழுக்க மாடுகளும் மேகங்களுமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். வாங்க முடியாவிட்டாலும் டிக்கெட் எடுத்துப் பார்க்கலாம்.

எங்கே வாங்குவது? உண்மையில் எவ்வளவு ஆகும்?

பாரிசில் 1852 முதல் இயங்கும் த்ரூவோ ஏலக்கூடம் என் பள்ளிக்கூடம். விற்பனைக்கு முந்தைய நாளும் அன்று காலையும் படங்களைப் பார்வைக்கு வைப்பார்கள். நுழைவு இலவசம். "கழற்றிக் காட்டுங்கள்" என்று கேட்டால் காட்டுவார்கள், முறைக்க மாட்டார்கள். ஒரு வருடம் எதுவும் வாங்காமல் போய்ப் போய் வாருங்கள். மனதுக்குள் ஒரு விலை போட்டு, சுத்தியல் விழுந்த விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த ஒரு வருடம்தான் கட்டணமில்லாப் பயிற்சி.

சுத்தியல் விழுந்த விலையோடு வரி உட்பட ஏறத்தாழ 25 முதல் 30 சதவீதம் ஏலக்கூடத்தின் கட்டணமாகச் சேரும். 1,000 என்று கை தூக்கியவர் 1,300 கொடுத்துவிட்டு வெளியே வருகிறார். பிறகு பிரேம், பழுது, அனுப்பும் செலவு. தவறாகக் குறிப்பிட்டு விற்றிருந்தால் ஏலக்காரர்மேல் வழக்குத் தொடர, விற்பனை நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் அவகாசம் உண்டு. கடையில் விலை கூடுதல், ஆனால் கடைக்காரர் பேசுவார், திரும்பவும் எடுத்துக்கொள்வார். பழம்பொருள் சந்தையில் ஞாயிறு காலை கிடைப்பவை பெரும்பாலும் சந்தையில் கிடைக்க வேண்டியவைதான்.

ஏலத்தில் எடுத்த பிறகு அரசு பறித்துக்கொள்ளுமாமே?

உண்மை. சுத்தியல் விழுந்ததும் அருங்காட்சியகத்தின் சார்பில் ஒருவர் எழுந்து முன்னுரிமை கோரலாம். உங்கள் விலைக்கே படம் அரசுக்குப் போகும். உறுதிசெய்ய அரசுக்கு 15 நாள் உண்டு. எனக்கு அப்படி நேர்ந்ததில்லை. நேர்ந்தால் என் கண்ணுக்குக் கிடைத்த விருது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வேன்.

நாட்டைவிட்டு எடுத்துச் செல்வது வேறு. 50 ஆண்டு கடந்த ஓவியத்தின் மதிப்பு குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் ஏற்றுமதிச் சான்றிதழ் வேண்டும். 2021 முதல் அந்தத் தொகை 300,000 யூரோ. ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியே கொண்டுபோகத் தனி விதி இருக்கிறது. நாம் வாங்கும் விலையில் இந்தத் தொல்லை வராது. இந்தியாவுக்கோ இலங்கைக்கோ கொண்டுபோகிறவர்கள் அங்கே சுங்கத்தில் என்ன கேட்பார்கள் என்று படம் வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

படம் ஒரே மஞ்சளாக இருக்கிறது. சுத்தம் செய்யலாமா?

நீங்கள் செய்யாதீர்கள். உருளைக்கிழங்குத் துண்டு, வெங்காயம், ரொட்டி, எச்சில் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எச்சிலைப் பழுதுநீக்குநர்களே பயன்படுத்துவார்கள் என்பது மெய். ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். பழைய வார்னிஷைக் கழுவும்போது கோரோவின் இலைகள் போன்ற மெல்லிய மேற்பூச்சும் சேர்ந்து போய்விடும். போனது போனதுதான்.

சென்னை போன்ற கடலோர ஊரில் மாட்டுவதென்றால், நாள் முழுக்க ஏசி ஓடி இரவில் நிற்கும் அறை மிக மோசம். ஈரம் ஏறி இறங்கினால் கேன்வாஸ் தளர்ந்து இறுகி வண்ணத்தை உதிர்க்கும். ஏறாமல் இறங்காமல் இருப்பது முக்கியம். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், பின்னால் காற்றுப் போக இடைவெளி விடுங்கள்.

200 யூரோதான் இருக்கிறது.

அச்சுப் படங்கள். தோபின்யி 1857இல் ஒரு படகையே பட்டறையாக்கி 'பொத்தேன்' என்று பெயர் வைத்து ஆறுகளில் திரிந்தார். அந்தப் பயணத்தைச் செப்புத்தகட்டில் கீறி 1862இல் வெளியிட்டார். மூட்டைப்பூச்சிச் சத்திரம், படகில் தூங்குவது, மீன் பிடிப்பது எல்லாம் அதில் உண்டு. ஷார்ல் ஜாக்கின் ஆடும் கோழியும் இன்னும் மலிவு.

'கிளிஷே வேர்' என்று ஒரு விசித்திரமும் இருக்கிறது. புகை பிடித்த கண்ணாடியில் ஊசியால் கீறி, அதைப் புகைப்பட நெகட்டிவ்போல் வைத்துத் தாளில் அச்செடுப்பது. 1853இல் அராஸ் நகர நண்பர்கள் கோரோவுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 1921இல் கோரோ, தோபின்யி முதலியோரின் 40 பழைய கண்ணாடிகளிலிருந்து 150 பிரதி மறுபடி எடுத்தார்கள். 200 யூரோவுக்கு வராது, ஆனால் சேர்த்து வைத்தால் ஒருநாள் கோரோவின் கைக்கீறல் உங்கள் வீட்டுக்கு வரும், போலி என்ற பயமும் குறைவு.

நல்ல முதலீடா?

இல்லை. பெரிய மரமும் மாடும் நூறு வருடமாகக் கீழே போய்க்கொண்டிருக்கின்றன.

தொடங்குவதற்கு முன் எங்கே போய்ப் பார்க்க வேண்டும்?

லூவரில் கோரோ, பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் மில்லேயும் ரூசோவும், பிறகு ஒரு நாள் பார்பிசோன். பாரிசின் லியோன் நிலையத்தில் ரயில் ஏறி ஃபோந்தேன்புளோவில் இறங்கி, அங்கிருந்து காட்டுவழியே நடப்பது நல்லது. ஓக் மரங்களை வெட்டாதே என்று ரூசோவும் நண்பர்களும் மூன்றாம் நெப்போலியனிடம் முறையிட்டதன் பலனாக 1861இல் 1,097 ஹெக்டேர் காடு ஓவியர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. காட்டின் ஓரத்துப் பாறையில் ரூசோ, மில்லே இருவர் முகமும் வெண்கலத்தில் பதித்திருக்கிறது.

ஊருக்குள் கான் சத்திரம் இப்போது அருங்காட்சியகம். மளிகைக்கடையும் தங்குமிடமுமாக இருந்த இடம். மழை பெய்து காட்டுக்குப் போக முடியாத நாள்களில் ஓவியர்கள் சும்மா இருக்க மாட்டாமல் சுவர்களிலும் அலமாரிக் கதவுகளிலும் வரைந்திருக்கிறார்கள். நான் போனபோது ஒரு அலமாரியின் முன் வெகுநேரம் நின்றேன். வெளியே மழை. கதவில் ஒரு சின்ன நிலக்காட்சி, பிடி இருக்கும் இடத்தில் மட்டும் கை பட்டுப் பட்டு வண்ணம் தேய்ந்து மரம் தெரிந்தது. பழக்கதோஷத்தில் அதன் பின்பக்கத்தைப் பார்க்கக் கழுத்தை வளைத்தேன். காவலர் தொண்டையைச் செருமினார்.